கரிசலில் நின்ற ரயில்

மார்ச் 6, திங்கள்

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை இன்றும் புங்கை மரத்தடியில் உட்கார வைத்தேன். வெயில்தான் காரணம்.

காலை ஒன்பதரைக்கு மரத்தடியைவிடக் கட்டடத்துக்குள்தானே டீச்சர் குளிர்ச்சி என்று தங்கமாரி சார் கேட்டார். இந்தத் தொடக்கப் பள்ளிக்கு நாங்கள் இரண்டே பேர். நான் தலைமை ஆசிரியை, மீதி எல்லாம் அவர். அதனால் என்னைக் கேள்வி கேட்கவும் அவரை விட்டால் ஆள் இல்லை. காற்றோட்டம் வேண்டும் சார் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

மதியம் வட்டாரக் கல்வி அலுவலர் நெல்லைநாயகம் சாரே போனில் வந்தார். பி.இ.ஓ. தானே கூப்பிட்டு, சாப்பிட்டாச்சா என்றும் விசாரித்தால் எங்கோ ஒரு கையெழுத்து பாக்கி என்று அர்த்தம். இந்த மூன்று வகுப்பும் நடக்கும் எங்கள் பெரிய கட்டடத்துக்கு வண்ணம் பூச நிதி வந்திருக்கிறதாம். சுவர் முழுக்க ரயில் பெட்டி மாதிரி வரைய வேண்டுமாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவழிக்காவிட்டால் நிதி திரும்பிப் போய்விடுமாம்.

"சார், அது நான் இடிக்க அனுமதி கேட்டிருக்கிற கட்டடம்" என்றேன்.

"தெரியும் டீச்சர். இடிக்கிறது வேற செக்‌ஷன். பெயிண்ட் வேற செக்‌ஷன்."

இரண்டு செக்‌ஷனும் ஒரே மாடியில் எதிரெதிர் அறையில்தான் இருக்கின்றன. நடுவில் தண்ணீர்க் கேன் இருக்கிறது. அங்கே தண்ணீர் குடிக்க வரும்போதாவது ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள மாட்டார்களா?

மே மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. அதுவரை வாயை அடக்க வேண்டும் என்று காலையில்தான் நினைத்தேன்.

மார்ச் 8, புதன்

மரத்தடி. வெயில்.

அந்த விரிசலைப் பற்றி எழுதிவிடுகிறேன். பெரிய கட்டடத்தின் முன் சுவரில், வாசல் நிலைக்கு மேல் மூலையில் தொடங்கிக் கூரை வரை ஏறுகிறது. எங்கள் ஊர் கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். மண்ணோடு சேர்ந்து விரிசலும் மூடும், திறக்கும். போன கோடையில் அதற்குள் என் விரல் போயிற்று. பயந்துபோய் எழுதினேன். ஒன்றியப் பொறியாளர் வந்து சேர்ந்தது கார்த்திகை அடைமழையில். விரிசல் மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தது. "எங்க டீச்சர் விரிசல்?" என்று கேட்டுவிட்டு, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, 'சிறு பழுது' என்று எழுதிவிட்டுப் போனார். கோடையில் வாருங்கள் சார் என்றேன். அதற்குத் தனியாக எழுத வேண்டுமாம்.

சத்துணவுச் சோற்றில் நாலு பருக்கையை நசுக்கி, பழைய கேள்வித்தாளைக் கீற்றாகக் கிழித்து, விரிசலுக்குக் குறுக்கே ஒட்டினேன். சுவர் நகர்ந்தால் தாள் கிழியும். எதுக்கு டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பல்லி வராமல் இருக்க என்றேன்.

மார்ச் 10, வெள்ளி

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். தலைவி வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீசில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவள் மகள் பவதாரணி என்னிடம் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கு வரும் நிதி எதுவானாலும் நானும் வேலுத்தாயும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் வங்கி கொடுக்கும்.

ரயில் என்று சொன்னதுமே வேலுத்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. "டீச்சர், அந்த இங்கிலீசுப் பள்ளிக்கூடத்து மஞ்ச வேன் தெனம் எங்க தெருவுல ஆரன் அடிச்சிட்டுப் போகுது. இந்த வருசம் நாலு பிள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாக. நம்ம பள்ளிக்கூடம் பாக்க எப்படி இருக்கு சொல்லுங்க? சாயம் போன சீலை மாதிரி. ரயிலு வந்துச்சுன்னா ஒரு பிள்ளை நகராது."

கட்டடம் கொஞ்சம் பழசு, இடித்துப் புதிதாகக் கட்டக் கேட்டிருக்கிறேன் என்றேன்.

"அது எப்ப வரும்?"

எனக்கென்ன தெரியும்? தெரியாது என்றேன். அப்ப ரயிலே வரட்டும் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். தங்கமாரி சாரும் தூக்கினார். பிள்ளைகள் எண்ணிக்கை இன்னும் குறைந்தால் முதலில் இடம் மாற்றப்படுவது அவர்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

மார்ச் 14, செவ்வாய்

காலையில் லேசாகக் குளிர்ந்திருந்தது. மரத்தடியில் எறும்பு வேறு. உள்ளேயே வைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்குப் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க விட்ட நேரத்தில் மேலேயிருந்து பூச்சு பெயர்ந்து விழுந்தது. தேங்காய் மூடி அளவு இருக்கும். பவதாரணியின் பெஞ்சில், அவள் விரித்து வைத்திருந்த கணக்கு நோட்டின் மேல் விழுந்திருக்கிறது. எலி ஓடியிருக்கும்.

யாரும் பார்ப்பதற்குள் நானே பெருக்கி அள்ளிக் கிணற்று மேட்டுக்குப் பின்னால் கொட்டினேன். நோட்டைத் தட்டித் துடைத்து வைத்தேன். விஷயம் வெளியே போனால் மறுநாளே மஞ்சள் வேனில் பாதிப் பள்ளிக்கூடம் ஏறிவிடும். பிறகு பள்ளியே இருக்காது. இதில் மறைக்க எதுவும் இல்லை, சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

தாள் கீற்று கிழிந்திருக்கிறது.

மார்ச் 16, வியாழன்

மரத்தடி. வெயில்.

பி.இ.ஓ. அலுவலகம் போனேன். கூட்டமென்றால் கூட்டம், மார்ச் மாதம் அங்கே தேர்த் திருவிழாதான். ஒரு தலைமை ஆசிரியர் வந்து சேராத பீரோவுக்கு வந்து சேர்ந்ததாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு நாலு நாளில் கழிப்பறை கட்டி முடிக்க வேண்டும். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

நெல்லைநாயகம் சார் ஒரு தாளை நீட்டினார். 'மேற்படி பள்ளியின் பெரிய கட்டடம் நல்ல நிலையில் உள்ளது எனச் சான்றளிக்கிறேன்.' கீழே தலைமை ஆசிரியர் கையொப்பம். நல்ல நிலையில் இருக்கும் கட்டடத்துக்குத்தான் வண்ண நிதி தருவார்களாம்.

"சார், இதுல கையெழுத்துப் போட்டா இடிக்கிற விண்ணப்பம் என்ன ஆகும்?"

"அது தன்னால முடிஞ்சிரும். புதுப்பிச்ச கட்டடத்த அஞ்சு வருசத்துக்கு இடிக்க முடியாது. அதுக்குள்ள நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன்."

"பிள்ளைங்க இருக்கும் சார்."

அவருக்கு முகம் சுருங்கியது. நல்ல மனுஷன்தான், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நாற்பது பள்ளிக்கூடத்து நிதியும் அவர் தலையில். திரும்பிப் போனால் மாவட்டக் கூட்டத்தில் எல்லார் முன்பும் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். "ஒரே ஒரு வரிதான டீச்சர்" என்றார். பிறகு மேஜையில் இருந்த பச்சைக் கட்டு ஒன்றைத் தட்டினார். "உங்க பென்ஷன் ஃபைலும் இந்தா இங்கதான் இருக்கு. ரெண்டையும் ஒண்ணா அனுப்பிருவோம்னு வச்சிருக்கேன்."

மிரட்டல் இல்லை. அப்படி ஒரு வார்த்தையும் அவர் சொல்லவில்லை.

மார்ச் 17, வெள்ளி

கையெழுத்துப் போடவில்லை. மரத்தடி.

மார்ச் 20, திங்கள்

அலுவலகத்திலிருந்து காலையில் ஒரு போன், மதியம் ஒரு போன், மணி அடித்த பிறகு ஒரு போன். தாள் என் கைப்பையில் இருக்கிறது. நாலாக மடித்து வைத்திருக்கிறேன்.

மகள் சுகிர்தாவும் பேசினாள். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வேண்டுமாம். ஆனியில் கல்யாணம். என் ஓய்வூதியப் பணத்தை நம்பித்தான் நாள் குறித்தோம். வீட்டில் இவரிடம் சான்று விஷயத்தைச் சொன்னேன். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "நீ கட்டின கட்டடமா? நீ இடிக்கிற கட்டடமா? போட்டுட்டு வா" என்றார். முப்பது வருஷம் நூற்பாலையில் வேலை பார்த்தவர். மேலதிகாரி சொன்னால் முடிந்தது அவருக்கு.

புதுக் கீற்று ஒட்டினேன்.

மார்ச் 23, வியாழன்

தலைவலி. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 24, வெள்ளி

நேற்று அந்தச் சான்றில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

யோசித்துப் பார்த்தால் தவறு ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டாமா? ரயிலைப் பார்த்து நாலு பிள்ளை புதிதாகச் சேர்ந்தால் பள்ளி நிற்கும். பள்ளி நின்றால்தான் பின்னால் புதுக் கட்டடமும் கேட்க முடியும். என் பென்ஷனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. பச்சைக் கட்டு இன்று மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

பெயிண்ட் காண்டிராக்டர் கோட்டூர்சாமி சாரத்தோடு வந்து இறங்கினார். இந்த ஒன்றியத்தில் இது அவருக்கு எட்டாவது ரயில். விரிசலைப் பார்த்ததும் ஏணியிலேயே நின்றுவிட்டார். நான் ஒட்டிய கீற்று மறுபடி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், இது மூடித் தொறக்குற வெடிப்பு."

"தெரியும்."

"இப்ப சிமெண்ட் வச்சு அடைச்சா, மழை பேஞ்சு மண்ணு உப்புற நேரத்துல சொவரு நெருங்க எடம் இருக்காது. தள்ளும்."

"அதுவும் தெரியும்."

"அடைக்கட்டுமா, விடட்டுமா?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொல்லிவிட்டார். "அடைக்காம அடிச்சா போட்டோவுல கோடு தெரியும். பில்லு பாஸாகாது."

எங்கள் இருவருக்கும் தெரிந்த ஒன்றைத் தெரியாதவர்களாக நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவருடைய ஆள் சிமெண்டைக் குழைத்தான்.

மார்ச் 27, திங்கள்

கோட்டூர்சாமி கெட்டிக்காரர். பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் கறுப்பாக ஒரு இணைப்பு வரைய வேண்டும் அல்லவா? அந்தக் கறுப்பைச் சரியாக விரிசல் இருந்த இடத்தின் மேல் கொண்டுவந்துவிட்டார். அங்கே அப்படி ஒன்று இருந்ததே இனி எவருக்கும் தெரியாது. "எப்படி டீச்சர்?" என்று வேறு கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 29, புதன்

ரயில் தயார். நீலமும் மஞ்சளும். ஜன்னல் ஒவ்வொன்றையும் ரயில் ஜன்னலாக்கி, வாசலுக்குப் படி வரைந்து, மேலே பள்ளியின் பெயரை ஸ்டேஷன் பலகை மாதிரி எழுதியிருக்கிறார். பிள்ளைகள் கத்திய கத்தலில் சத்துணவுக்கூடத்தில் கரண்டி விழுந்தது. பவதாரணி ஜன்னல் ஜன்னலாக ஓடித் தன் சீட்டு எது என்று கேட்டாள். நானும் சிரித்தேன். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து இவர்கள் இப்படிச் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. பொய் சொல்லவில்லை.

இனி உள்ளே போகலாமே டீச்சர் என்றார் தங்கமாரி சார்.

பெயிண்ட் வாடை போகட்டும் என்றேன். மரத்தடி.

ஏப்ரல் 3, திங்கள்

மரத்தடி. பெயிண்ட் வாடை.

பத்தாம் தேதி திறப்பு விழா என்று பி.இ.ஓ. போன் செய்தார். பிள்ளைகள் ரயிலுக்குள் உட்கார்ந்திருப்பது போல் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால்தான் கடைசித் தவணை வருமாம். அவரே நேரில் வந்து எடுத்துக்கொள்வாராம்.

ஏப்ரல் 5, புதன்

வேலுத்தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற வழியில் வந்து நின்றாள். கோபம்.

"என்ன டீச்சர் இது, இம்புட்டு அழகா ரயில வரைஞ்சு வச்சிட்டு, பிள்ளைகள மண்ணுல உக்கார வச்சிருக்கீக? ஊருல என்ன பேசுறாக தெரியுமா? டீச்சர் ரிட்டையர் ஆகப் போறாக, இனி அவுகளுக்கு என்ன அக்கறைங்காக."

அது சுருக்கென்று தைத்தது. வாடை என்றேன். அவள் உள்ளே போய் நின்று மூக்கை உறிஞ்சிக் காட்டினாள். வாடை இல்லை.

மதியம் பிள்ளைகளை உள்ளே விட்டேன். முன் சுவரை விட்டுப் பின்பக்கமாக நெருக்கி உட்கார வைத்தேன். இடம் போதவில்லை, ஒருவர் மடியில் ஒருவர். நான் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டேன். பாடம் நடத்தினேனா என்று நினைவில்லை. கூரையில் காகம் உட்கார்ந்தாலும் எழுந்து நின்றேன். மணி அடித்ததும், "யாரும் ஓடாதீங்க, மெதுவா, மெதுவா" என்று ஏன் அப்படிக் கத்தினேன் என்று தெரியவில்லை. ஒரு பையன் பயந்து அழுதுவிட்டான்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

ஏப்ரல் 6, வியாழன்

மரத்தடி. யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, சனி

சாயங்காலம் நாலு மணிக்கு மேற்கே கறுத்து, நல்ல கோடை மழை. இவர் வாசலில் நாற்காலி போட்டு, மண் வாசனையைப் பார் என்கிறார். தெருவே சந்தோஷமாக இருக்கிறது. நான் வீட்டுக்குள்ளேயே இருந்தேன். மழையை நான் வெறுத்தது இதுதான் முதல் தடவை. நில்லு, நில்லு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது பாட்டுக்குக் கொட்டியது.

ஏப்ரல் 9, ஞாயிறு

காலை முதல் பஸ்ஸில் பள்ளிக்குப் போனேன். பெரிய கட்டடத்தின் பூட்டைத் திறந்தேன், கதவு வரவில்லை. நிலை சாய்ந்து கதவைக் கவ்விப் பிடித்திருந்தது. தள்ளி நின்று மேலே பார்த்தேன். கறுப்பு இணைப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் சிமெண்ட் பிதுங்கியிருந்தது. ஒரு பெட்டி மற்றதைவிட விரலளவு முன்னால் வந்து நின்றது.

அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நேராக வேலுத்தாய் வீட்டுக்குப் போனேன்.

அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். விரிசல், கீற்று, பவதாரணியின் நோட்டின் மேல் விழுந்த பூச்சு. எலி என்று சொல்லவில்லை. அவள் சோப்புக் கையோடு எழுந்து நின்றாள்.

"என்னிக்கு விழுந்துச்சு?"

"போன மாசம்."

"போன மாசமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல? நான் அந்தக் கட்டடத்துக்குள்ள பிள்ளைய உக்கார வைக்கச் சொல்லி உங்ககிட்ட வந்து சண்டை போட்டேன். நீங்க பாத்துட்டு நின்னீக."

"ஆமா."

சோப்புக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு அவளே ஒரு பிடி கிடைத்தவளாக, "இல்ல டீச்சர், நீங்க பயப்படுறீக. கட்டடம் நல்லா இருக்குன்னு சர்டிபிகேட் இருக்குன்னு பெரிய சாரு போன்ல சொன்னாக. பெரிய ஆபீசரு பாக்காமலா குடுத்திருப்பாக?" என்றாள்.

"அதக் குடுத்தது நான்தான் வேலுத்தாய். என் கையெழுத்து."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. உள்ளே போய்விட்டாள். நான் பஸ் ஏறினேன்.

ஏப்ரல் 10, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பத்தரைக்கு ஜீப் வந்தது. நெல்லைநாயகம் சார், புதுச் சட்டை. தங்கமாரி சார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைதட்ட வைத்தார். பெற்றோர் ஏழெட்டுப் பேர். வேலுத்தாயும் வந்து ஓரமாக நின்றாள். என் பக்கம் திரும்பவில்லை. கதவைத் திறக்கக் கோட்டூர்சாமியும் அவர் ஆளும் தோள் கொடுத்துத் தள்ள வேண்டியிருந்தது. "புதுப் பெயிண்டு, ஒட்டிக்கிச்சு" என்று கோட்டூர்சாமி யாரும் கேட்காமலே சொன்னார்.

ரிப்பன் வெட்டினார்கள். விருந்தினர் நாற்காலியை நான்தான் போட்டேன், அறைக்குள், வாசலை ஒட்டிய சுவருக்குக் கீழே. வேண்டுமென்றேதான் போட்டேன். பி.இ.ஓ. உள்ளே வந்து சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார், புகழ்ந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார். வழக்கம்போல் மேலே மின்விசிறி எங்கே என்று தலையைத் தூக்கினார். அங்கேயே கண் நின்றுவிட்டது. உள்பக்கத்தில் கறுப்பு வண்ணம் கிடையாது. வெள்ளைச் சுவரில் நிலையிலிருந்து கூரை வரை பிளவு பளிச்சென்று தெரிந்தது. அவருடைய தோளில் கொஞ்சம் பொடி உதிர்ந்திருந்தது.

அவர் எழுந்தார். அவசரப்படவில்லை. தோளைத் தட்டிக்கொண்டார். "உள்ள ஒரே புழுக்கமா இருக்கு டீச்சர். நாற்காலிய வெளிய மரத்தடியில போட்டுருவோம்" என்றார்.

நாற்காலி மரத்தடிக்குப் போனது. நான் ஒரு மாதமாகப் பிள்ளைகளை உட்கார வைத்த அதே நிழல்.

உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனைக் கையில் எடுத்தார். "சரி, பிள்ளைங்கள உள்ள உக்கார வைங்க. ஒரு போட்டோ. ரெண்டே நிமிசம்."

தங்கமாரி சார் வரிசையை நகர்த்தினார். பவதாரணிதான் முன்னால் நின்றாள், ஜன்னல் சீட்டுக்காக. நான் போய் வாசற்படியில் குறுக்கே நின்றுவிட்டேன்.

"நீங்களும் வாங்க சார். பிள்ளைங்களுக்கு நடுவுல உக்காருங்க. சேந்து எடுப்போம்."

"நான் எதுக்கு? பிள்ளைங்கதான் வேணும்."

"ரெண்டு நிமிசம்தான சார். வாங்க."

"டீச்சர், வழிய விடுங்க."

"நீங்க உள்ள வந்து உக்காந்தா விடுறேன் சார்."

 நிலையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று போய், அதைத் தொடப் பயந்து எடுத்துவிட்டேன். அதை அவர் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் நாற்காலியிலிருந்து எழவில்லை. கண்ணைத் தாழ்த்திப் போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வேலுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பவதாரணியின் கையைப் பிடித்தாள். "அந்த சர்டிபிகேட்டுல என்ன எழுதியிருந்தாலும் எனக்கு வேணாம் சார். ஆனா நீங்க உக்கார மாட்டேங்குற எடத்துல எம் பிள்ளை உக்காராது" என்றாள். பவதாரணி ரயிலுக்குப் போக வேண்டும் என்று கதறினாள். வேலுத்தாய் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தடியில் இறக்கினாள். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போனார்கள்.

ஜீப் போன பிறகு கதவைச் சாத்தப் பார்த்தேன். சாத்த முடியவில்லை. கோட்டூர்சாமி சாரக் கயிற்றால் வாசலைக் குறுக்கே கட்டிக் கொடுத்தார். பில் போய்விட்டதே என்று அவர் புலம்பவில்லை. கயிற்றையும் திரும்பக் கேட்கவில்லை.

ஏப்ரல் 11, செவ்வாய்

பி.இ.ஓ.வுக்கு எழுதி அனுப்பிய கடிதத்தின் வாசகம், மறக்காமல் இருக்க:

'10ஆம் தேதி நடைபெற்ற திறப்பு விழாவில், புழுக்கம் காரணமாகத் தங்களால் மேற்படி அறையில் அமர இயலவில்லை. தாங்கள் அமர இயலாத அறையில் மாணவர்களை அமர்த்த என்னாலும் இயலாது. கட்டடம் நல்ல நிலையில் உள்ளது என நான் அளித்த சான்று உண்மைக்கு மாறானது. அதைத் திரும்பப் பெறுகிறேன். விரிசல் தற்போது நன்கு தெரிவதால், பொறியாளரை உடனே அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

நகல் மாவட்ட அலுவலகத்துக்கும், ஒன்றியத்துக்கும். குழுத் தலைவி கையெழுத்தும் இருந்தால் நல்லது என்று வேலுத்தாய் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னாள். 'உண்மைக்கு மாறானது' என்ற இடத்தில் ஒரு தடவை நிறுத்தி மறுபடி படிக்கச் சொன்னாள். கையெழுத்துப் போட்டாள். உட்காருங்க என்று சொல்லவில்லை, காபி கொடுக்கவில்லை. அதுவும் சரிதான்.

ஏப்ரல் 13, வியாழன்

நெல்லைநாயகம் சார் போன். "இத எதுக்கு டீச்சர் எழுத்துல கொண்டுவந்தீங்க? வாயால சொல்லியிருந்தா பேசித் தீத்திருக்கலாமே. இப்ப நான் உங்களுக்கு மெமோ குடுக்காம இருக்க முடியாது." குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. மெமோ நிலுவையில் இருக்கிறவர்களுக்குப் பென்ஷன் நகராது. பச்சைக் கட்டைத் திருப்பி வாங்கச் சொல்லிவிட்டார்களாம்.

சுகிர்தாவிடம் சொன்னேன். "ரெண்டு மாசம் பொறுத்திருக்கக் கூடாதாம்மா?" என்றாள். பொறுத்துத்தான் பார்த்தேன் என்றேன். அழுதாள். மண்டபத்துக்குப் பதிலாகக் கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று இவர் சொன்னார்.  ராத்திரிச் சாப்பாட்டுக்கு எனக்கும் சேர்த்து அவரே தட்டு எடுத்து வைத்தார்.

ஏப்ரல் 17, திங்கள்

காலைத் தபாலில் மெமோ வந்தது. உண்மைக்கு மாறான சான்று அளித்ததற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். அளித்தேன் அல்லவா?

மதியம் பொறியாளர் வந்தார். கார்த்திகையில் வந்த அதே ஆள். இந்த முறை எங்கே விரிசல் என்று கேட்கவில்லை. தள்ளி நின்றே பார்த்தார், காபி வேண்டாம் என்றார், சுவரைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டு, இதைத் தாண்டி யாரும் வரக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். இடிப்பார்களா, எப்போது இடிப்பார்கள், அதற்கு எந்த செக்‌ஷன் என்று தெரியவில்லை. கேட்டால் மேலே எழுத வேண்டும் என்கிறார்.

பிள்ளைகள் கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ரெண்டு பெட்டியா கழண்டிருச்சு டீச்சர் என்றாள் பவதாரணி. ஆமாம் என்றேன்.

ஐந்தாம் வகுப்பில் ஒருவன் இன்று வரவில்லை, மஞ்சள் வேனில் பார்த்ததாகச் சொன்னார்கள். மற்றவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகள் மரத்தடியில். காரணம் வெயில் இல்லை. கட்டடம் விழப் போகிறது.